டிசைன் கற்றால் போதாது, அறை துடைக்கவும் தெரிய வேண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துப் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "இன்டீரியர் வேலையும் எடுத்துச் செய்யணும், கூடவே தங்கும் விடுதியும் நடத்தணும்னா பிள்ளையை எதில் சேர்க்கலாம்?"

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்க, 1972 சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லாததால், சில மாதச் சான்றிதழோடு கடை திறப்பவர்களும் உண்டு. விடுதித் துறைக்குத் திருச்சி துவாக்குடியிலேயே அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. சிங்கப்பூர், வளைகுடா ஓட்டல்களில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களும், தச்சு வேலையிலிருந்து மேலே வந்தவர்களும் இத்தொழிலை நன்றாகவே நடத்துகிறார்கள். நான் ஓட்டல் பக்கமிருந்து வந்தவன்.

எந்த வழியில் வந்தாலும், தொழில் தொடங்கும் முன் எதிர்ப்பக்கத்தில் ஓராண்டாவது சம்பளத்துக்கு வேலை பாருங்கள். டிசைன் படித்தவர் ஹவுஸ்கீப்பிங்கில் சேரட்டும். ஓட்டல் படித்தவர் ஆசாரியோடும் கொத்தனாரோடும் சைட்டில் நிற்கட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், போட்டோவில் அழகாகத் தெரியும் அறை, தினமும் ஆள் மாறும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் இடம் மிச்சம்தான். ஆனால் விரிப்பு மாற்றும் பெண் மெத்தைமேல் ஏறித்தான் மறுபக்கத்தைச் செருக வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு அடியாவது விடுங்கள். கட்டிலுக்குக் கீழே துடைப்பான் போகவில்லை என்றால், அங்கே சேரும் தூசியை விருந்தினரின் குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கும். வாஷ்பேசினுக்குக் கீழ் அலமாரிக்கு ஐ.எஸ். 303 எம்.ஆர். எனும், ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் சாதாரணப் பிளைவுட் போட்டால் தண்ணீர் பட்டு உப்பிவிடும். அங்கே தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்தான் போட வேண்டும். விலை கூடத்தான், ஆனால் மறுபடி கழற்றிப் போடும் கூலியையும், அறை பூட்டிக் கிடக்கும் நாட்களையும் கணக்குப் பாருங்கள்.

டெல்டாவில் இன்னொரு பெரிய விஷயம் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். திண்ணையும் முற்றமுமாக இருக்கும் பழைய வீட்டைப் பிடித்துத் தங்குமிடம் ஆக்குவது இப்போது பலருக்கும் ஆசை. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, டெக்ஸ்சர் பெயின்ட் அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். அடுத்த மழைக்காலத்தில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். அதனால் வீட்டைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்றால் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிப்புறக் கைப்பிடிக்கும் கீலுக்கும் சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அங்கே கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள்.

சுவரைவிட வீட்டுப் பத்திரம் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பூர்வீக வீட்டை அண்ணன் தம்பி இருவர் கையெழுத்தோடு வாடகைக்கு எடுத்து, கடன் வாங்கி வேலை பார்த்தார். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடித்த பிறகு அவர்களுடைய அக்கா பங்கு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அந்த அம்மா கேட்டது நியாயம். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அன்று விடுபட்ட மணமான மகள்களுக்கும் 2005 மத்தியத் திருத்தம் உரிமை தந்தது. ஆகவே மகள்கள் உட்பட, பங்குள்ள எல்லோருடைய கையெழுத்தும் வாங்குங்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பி லட்சக்கணக்கில் இறக்காதீர்கள். நீண்ட குத்தகையாக எழுதிக்கொள்ளுங்கள், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் விவரம் அனுப்புவதும் கட்டாயம்.

இரண்டு தொழிலுக்கும் ஒரே வங்கிக் கணக்கு வேண்டாம். இன்டீரியர் பணம் தவணையாக வரும், கடைசித் தவணை இழுக்கும். அறை வாடகை தினமும் சிறிதாக வரும், மின்கட்டணமும் சம்பளமும் மட்டும் நிற்காது. வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸில் விடுதிக்கு ஏசி வாங்கினால் இரண்டும் சேர்ந்து தடுமாறும். 2028 மகாமகத்தை மனதில் வைத்துக் கடன் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கூட்டத்தைத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே வருஷம் முழுக்க வருபவர்கள் நவக்கிரகக் கோயில் சுற்றும் குடும்பங்கள். இரவு வந்து, ஒரு ராத்திரி தங்கி, விடியும் முன் கிளம்புவார்கள். அவர்களுக்கு நாலரை மணிக்கு வெந்நீரும், பாட்டி ஏறக் கைப்பிடி வைத்த படியும், வண்டி நிறுத்த இடமும் வேண்டும். டிரைவர் படுக்க மின்விசிறியோடு ஓர் அறையும், குளிக்க ஒரு குளியலறையும் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். இரவெல்லாம் காரில் சாய்ந்து கிடந்தவர்தான் காலையில் அந்தக் குடும்பத்தை ஓட்டிப் போக வேண்டும்.