பேச்சு குறைந்த நண்பனைக் கவனியுங்கள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் ஹெல்வெல்லின் மலை 950 மீட்டர்தான். நம் ஏற்காடே இதைவிட உயரம். அதனால்தான் பலரும் குளிர்காலத்திலும் ஜீன்ஸ், பருத்தி டீஷர்ட்டோடு கிளம்பிவிடுகிறார்கள்.

நான் இங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவர். ஒரு ஜனவரியில் நண்பர்கள் நான்கு பேர் தர்ல்மியர் ஏரிப் பக்கமிருந்து ஏறினோம். கார் நிறுத்திய இடத்தில் 3 டிகிரி. உச்சியில் மைனஸ் 2 இருக்கலாம். ஆனால் அங்கே அடித்த காற்றில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பாதி வழியில் பனி, மேலே மூடுபனி. தரையும் வானமும் ஒரே வெள்ளை. கிழக்கு விளிம்பில் காற்று குவித்த பனி, கூரை இறவாரம் போல வெளியே நீண்டிருக்கும். அடியில் வெறும் பள்ளம். திசைகாட்டியைப் பார்த்து அந்தப் பக்கம் போகாமல் நடந்தோம்.

எங்களில் வாய் ஓயாமல் பேசுகிறவன் ஒருவன். அவன் பேச்சு எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு முறை தடுக்கினான். "ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான், நாக்கு குழற. ஒரு கையில் கையுறை இல்லை. ஜாக்கெட் ஜிப்பை இழுக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதையே தொழிலாகப் பார்க்கிற எனக்கே அவ்வளவு நேரம் ஆயிற்று.

இதுதான் ஹைப்போதெர்மியா. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூளை மந்தமாகிறது. தனக்கு ஆபத்து என்று சொல்லவேண்டியதே அந்த மூளைதான். ஆகவே பாதிக்கப்பட்டவர் சொல்வதை நம்பாதீர்கள். கூட வந்தவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உச்சிக்கு அருகே சிலுவை வடிவில் ஒரு கல்சுவர் உண்டு. காற்று படாத மூலையில், பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்காரவைத்தோம். ஈரச் சட்டையைக் கழற்றிக் காய்ந்த கம்பளிச் சட்டை, தொப்பி, அப்புறம் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர், சாக்லேட். அவன் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு நிம்மதி. நடுக்கம் என்றால் உடல் இன்னும் சூட்டுக்காகப் போராடுகிறது என்று பொருள். அரைமணி கழித்து, தெளிந்த பிறகே மெல்ல இறக்கினோம்.

உடல் சில்லிட்டிருக்கும்போதே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை வேறு. நடக்கவிடாதீர்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள். அந்த நிலையில் முரட்டு அசைவே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். மெதுவாகப் படுக்கவைத்து, கிடைத்ததையெல்லாம் மேலும் கீழும் போட்டு மூடுங்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, இருக்கிற சூடும் போய்விடும். இங்குள்ள அவசர எண்ணான 999ஐ அழைத்துப் போலீஸைக் கேளுங்கள், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு 6 விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி 6. மீட்பவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்பதில்லை. கூச்சப்பட்டுத் தாமதிக்காதீர்கள். ஜனவரியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

காரில் ஹீட்டரைப் போட்டதும், கையுறையை எங்கேடா விட்டாய் என்று கேட்டேன். அதைக் கழற்றியதே அவனுக்கு நினைவில்லை.