கரண்டு போனாலும் அறாத கனெக்‌ஷன்

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஏனுங்ண்ணா, நடுவுல இருக்கற ஸ்விட்சுக்குக் கரண்டு போயிருதுங்க. ரெண்டு கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ல ஓடுது. கரண்டு வந்தா, ஃபைல் காப்பி விட்ட எடத்துலருந்தே போகுதுங்க. ஆனா ஒடனே போறதில்ல, கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டுத்தான் போகுது. எதுக்குங்க?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. இரண்டு கம்ப்யூட்டர்கள் தகவலைத் தொலையாமல் கொடுத்து வாங்கப் பயன்படுத்தும் விதிமுறைதான் டிசிபி. டிசிபி கனெக்‌ஷன் கேபிளுக்குள் ஓடும் பொருள் கிடையாது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரரும் கோவை வியாபாரியும் தத்தம் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பற்று வரவு மாதிரி அது. பெருந்துறைப் பக்கம் ரோடு அடைபட்டால் மூட்டை வராது, நோட்டில் கணக்கு அப்படியே இருக்கும். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் நினைவகத்தில் ஒரு கட்டமைப்பை வைத்திருக்கிறது: இரு முனைகளின் ஐபி முகவரிகள், போர்ட் எண்கள் (எந்தச் சேவைக்கு என்று காட்டுபவை), எந்த பைட் வரை அனுப்பினோம், எதுவரை ஒப்புதல் வந்தது, எதிர்முனையிலிருந்து எதுவரை வாங்கினோம். ஒப்புதல் வராத பைட்டுகளும் அங்கேயே கிடக்கும். நடுவில் இருக்கும் ஸ்விட்சுக்கு இதில் எதுவும் தெரியாது.

நம்பச் சொல்லவில்லை, பார்த்துவிடலாம். லினக்ஸில் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘நெட்’, அதற்குள் ‘டிசிபி’ என்ற கோப்பைத் திறந்தால் ஒரு வரிக்கு ஒரு சாக்கெட், அதாவது இணைப்பின் இந்தப் பக்கத்து முனை. எண்களெல்லாம் பதினறும முறையில் இருக்கும். போர்ட் 0016 என்றால் 22, அதாவது தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை. நிலை என்ற பத்தியில் 01 இருந்தால் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் பாதிதான் சுவாரசியம். அதற்கு இரண்டு கம்ப்யூட்டர் தேவையில்லை, ஒரு பழைய லேப்டாப் போதும். ‘ஐபி நெட்என்எஸ்’ கட்டளையால் கோவை, ஈரோடு என்று இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை உண்டாக்கி, ‘வீத்’ என்னும் மாயக் கேபிளால் இணைத்து, முனைக்கு ஒரு ஐபி கொடுத்தால், தனித்தனி முகவரியும் ரூட்டிங்கும் உள்ள இரண்டு ஊர் தயார். ஈரோட்டில் நெட்கேட் என்ற, தட்டியதை அனுப்பி வாங்கும் நிரலைக் காத்திருக்க வைத்து, கோவையிலிருந்து இணைத்து, "மஞ்சள் 10 மூட்டை" என்று தட்டினால் அங்கே தெரியும். இப்போது ஈரோட்டுக்குள் வரும் எல்லாப் பாக்கெட்டையும் (தகவல் துண்டையும்) தூக்கிப் போடச் சொல்லி, ஐபிடேபிள்ஸ் என்ற தடுப்புக் கருவியில் ஒரு விதி சேர்த்துவிட்டு, கோவையில் இன்னொரு வரி தட்டுங்கள். அந்த வரி போய்ச் சேராது. கோவைப் பக்கம் ‘எஸ்எஸ்’ கட்டளையை டைமர் விவரத்தோடு அடிக்கடி ஓட்டினால் கெர்னல் என்ன செய்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். சுமார் 0.2 வினாடி காத்து மறுபடி அனுப்புகிறது. பிறகு 0.4, 0.8, 1.6, 3.2 என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகிறது. 102.4 வினாடிக்கு அப்புறம் 120இல் நின்றுவிடும், அதுதான் உச்சவரம்பு.

விதியை நீக்கிப் பாருங்கள். வழி திறந்தாகிவிட்டது, ஆனாலும் ஒன்றும் நடக்காது. வழி திறந்ததைக் கோவைக்குச் சொல்ல யாருமில்லை, அடுத்த டைமர் அடிக்கும்போதுதான் அது மறுபடி முயலும். தடை மூன்றரை நிமிடத்தைத் தாண்டியிருந்தால் 2 நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். தம்பி பார்த்த "சும்மா நிக்கற" நேரம் இதுதான்.

கெர்னல் எப்போது கைவிடும்? ‘டிசிபி ரீட்ரைஸ் 2’ என்ற அமைப்பில் 15 என்று இருக்கிறது, அதாவது 15 தடவை மறுபடி அனுப்பிப் பார்க்கும். மேலே சொன்ன இடைவெளிகளை, கடைசி முயற்சிக்குப் பிந்தைய காத்திருப்பையும் சேர்த்து, கூட்டினால் 924.6 வினாடி வரும், ஏறக்குறைய கால் மணி நேரம். அதற்குள் ஸ்விட்ச் உயிர்த்தெழுந்தால் காப்பி பிழைத்தது.

இந்த இரட்டிப்பு கெர்னல் மூலநிரலில் டிசிபி டைமருக்கான சி கோப்பில் ஒரே வரி. எண்ணின் பிட்களை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்துகிறது, எண் இரண்டு மடங்காகிறது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பினால் தவறிப்போகும் ஒரு விஷயமும் அங்கே உண்டு. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6298 என்ற இணைய விதிமுறை ஆவணம், காத்திருக்கும் நேரம் குறைந்தது 1 வினாடி இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. லினக்ஸோ அதில் ஐந்தில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர் ஃபைபரில் ஒளி போய்வர ஒரு மில்லிவினாடிதான் ஆகும். அப்படிப்பட்ட தூரத்துக்கு முழு வினாடி காத்திருப்பது எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது.

இரட்டிக்காமல் விடாது தட்டிக்கொண்டே இருந்தால் என்ன? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் தாமதமானதைத் தொலைந்ததாக எண்ணி எல்லோரும் மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் கூடியது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன், பிஎஸ்டி யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் டிசிபி நிரலில் செய்த திருத்தங்களை 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். டைமரை மடங்குகளாக நீட்டுவதும் அவற்றில் ஒன்று.

இதெல்லாம் அனுப்ப ஏதாவது இருக்கும்போதுதான். இரு பக்கமும் பேசாமல் இருந்தால் பாக்கெட்டே போகாது. ஆகவே வழி அடைபட்டதும் தெரியாது, மறுபடி திறந்ததும் தெரியாது. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் ‘கீப்அலைவ்’ வசதியைக் கேட்டு வாங்கிய சாக்கெட்டுக்குக்கூட லினக்ஸ் முதல் விசாரிப்பை அனுப்புவது 7,200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். இடையில் எதிர்முனைக் கம்ப்யூட்டரே யூபிஎஸ் இல்லாமல் அணைந்து மறுபடி கிளம்பியிருந்தால் கதை வேறு. அதன் நினைவகத்தில் பழைய கணக்கு இருக்காது. தெரியாத கனெக்‌ஷனின் பாக்கெட் வந்ததும் ‘ரீசெட்’ என்று திருப்பி அனுப்பும், இந்தப் பக்கமும் அந்த நிமிடமே கணக்கைக் கிழித்துப் போட்டுவிடும்.