டிக் விழுந்துச்சுன்னா ஆள் வந்துருவாங்கன்னு அர்த்தமில்ல சாமி

மறுபடியும் ராத்திரி போன். மணி ஒம்போது இருக்கும், அப்பதான் தட்டு முன்னாடி உக்காந்தேன், பூப்பாறைக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல இருந்து கணக்குப்பிள்ளை. "அண்ணே, பொட்டி காட்டுற எடத்துல ஆளக் காணோம்ணே." இந்த மழை ஆரம்பிச்சதுல இருந்து இது மூணாவது போன். தோட்டம்தான் வேற வேற, கதை ஒண்ணுதான். அதான் எழுதிப் போட்டுருவோம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் கோவமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

நான் போடியில வயர்லெஸ் செட்டு பாக்குறவன், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. போடிமெட்டுக்கு அங்கிட்டு, கேரளாப் பக்கம் சூரியநெல்லி, சின்னக்கானல், சாந்தன்பாறை வரைக்கும் தோட்டம் தோட்டமா வாக்கிடாக்கி மாட்டுனது, பேட்டரி மாத்துனது எல்லாம் பழைய பொழப்பு. இப்ப ரெண்டு வருசமா எல்லாரும் கேக்குறது இந்த மெஷ் பொட்டி, ஒரு பொட்டி அனுப்புறத பக்கத்துப் பொட்டி கேட்டு அடுத்ததுக்குத் திருப்பிச் சொல்லும். தீப்பெட்டி ரெண்ட அடுக்கி வச்ச மாதிரி ஒரு சின்ன ரேடியோ, உள்ள லோரான்னு கம்மி கரண்ட்ல ரொம்ப தூரம் பேசுற சிப்பு, கூட ஒரு ஜிபிஎஸ், போனோட புளூடூத்துல சேத்துக்கிட்டா சிம்மும் வேணாம் டவரும் வேணாம், மெசேஜ் போகும், மேப்புல ஆள் எங்க இருக்காருன்னு புள்ளி விழும். மெஷ்டாஸ்டிக்னு அதுக்கு ஒரு சாஃப்ட்வேர், காசு கிடையாது. நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவே இல்ல. அதை வாங்கி சட்டைப்பையில போட்டுக்கிட்டு கர்ணன் கவசம் போட்ட மாதிரி காட்டுக்குள்ள போறீங்க பாருங்க, அதுதான் என் பிரச்சினை.

நடந்தத சொல்லிடுறேன். சூப்பர்வைசர் ஒருத்தர், அம்பது வயசு தாண்டினவர், ஊத்துல இருந்து வர்ற ஓஸ் அடைச்சுக்கிச்சுன்னு மத்தியானம் தனியா ஏறியிருக்காரு. மேட்டத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்துல இறங்குறப்ப வழுக்கி கணுக்கால் பிசகிருச்சு. பொட்டி இருக்கேன்னு ஆறு தடவ மெசேஜ் போட்டிருக்காரு. ஆறுக்கும் டிக் விழுந்துருக்கு. சரி, ஆள் வந்துருவாங்கன்னு மனுசன் நிம்மதியா பாறையில சாஞ்சு உக்காந்துட்டாரு. இங்க ஸ்டோர்ல இருக்கவங்களுக்கு ஒரு மெசேஜும் வரல. இருட்டின பெறகு மேப்ப பாத்தா புள்ளி மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கு. ஆனை நடமாட்டம் உள்ள எடம், நாலு பேர் டார்ச்சோட உசுரக் கையில புடிச்சுக்கிட்டு அங்க போனா ஈ காக்கா இல்ல. கடைசியில பதினோரு மணிக்கு ஆளக் கண்டுபிடிச்சது பொட்டி இல்ல, அவரு வாயில விரல வச்சு அடிச்ச விசில்.

நான் மறுநாள் போயி போன வாங்கிப் பாத்தேன். அந்தப் புள்ளி மூணு மணி பத்து நிமிசத்துப் புள்ளி. கீழ சின்ன எழுத்துல நேரம் போட்டிருக்கு, ஒருத்தரும் படிக்கல. மூணு பத்துக்குப் பெறகு அவரு மேட்டத் தாண்டிட்டாரு, அப்புறம் அனுப்பின எதுவும் ஸ்டோருக்கு வரல. மேப்புல ஒரு புள்ளி இருந்தா "இப்ப இங்க இருக்காரு"ன்னு அர்த்தம் இல்லப்பா. "கடைசியா காதுல விழுந்தப்ப இங்க இருந்தாரு", அவ்வளவுதான். போட்டோவுல சிரிக்கிறாருன்னா இப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாருன்னு நினைப்பீங்களா?

சரி, இப்ப எனக்கு எரிச்சல் வர்ற எடத்துக்கு வர்றேன். கணக்குப்பிள்ளை கேட்டாரு, "அண்ணே, அதான் ஜிபிஎஸ் இருக்குல்ல, சாட்டிலைட்டுக்குத் தெரியாதா அவரு எங்க இருக்காருன்னு?" படிச்சவங்களும் இதையேதான் கேக்குறாங்க, ட்ரெக்கிங் கூட்டிட்டுப் போற பசங்களும் கேக்குறாங்க, ஒரு தடவ ஒரு இஞ்சினியர் தம்பியே கேட்டாரு. தெரியாது. சாட்டிலைட்டுக்கு ஒண்ணுமே தெரியாது. ஜிபிஎஸ் சாட்டிலைட்டு இருபதாயிரம் கிலோமீட்டர் மேல சுத்திக்கிட்டு "இப்ப மணி இத்தன, நான் இந்த எடத்துல இருக்கேன்"னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கு. உங்க பொட்டி நாலஞ்சு சாட்டிலைட்டு சொல்றதக் கேட்டு, கணக்குப் போட்டு, தான் எங்க இருக்கோம்னு தானே கண்டுபிடிக்குது. அது ஒத்தவழிப் பாதை. உங்க பொட்டியில இருந்து சாட்டிலைட்டுக்கு ஒரு எழுத்து கூட போகாது.

இன்னும் புரியலன்னா இப்படி யோசிங்க. தேனிக்காரங்க எல்லாருமே கொடைக்கானல் எஃப்எம் கேட்டு வளந்தவங்க. நூறு புள்ளி அஞ்சுல நீங்க வீட்ல பாட்டு கேக்குறீங்க, அங்க ஸ்டேசன்ல உக்காந்திருக்கவருக்கு நீங்க கேக்குறது தெரியுமா? உங்க வீட்ல குழம்பு கொதிக்கிறது தெரியுமா? தெரியாதுல்ல. ஜிபிஎஸ்ஸும் அந்த ரேடியோதான்.

அப்ப அரிக்கொம்பன் ஆனைய எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு பெரியவர் என்னைய மடக்கினாரு. நல்ல கேள்வி. 2023 ஏப்ரல் கடைசியில சின்னக்கானல்ல புடிச்சு, கழுத்துல காலர் கட்டி, பெரியார் காட்டுல விட்டாங்க, ஒரு மாசத்துல கம்பம் டவுனுக்குள்ளயே வந்து நின்னுச்சு. அந்தக் காலர்ல ரெண்டு வேலை இருக்கு: ஜிபிஎஸ்ஸக் கேட்டு எடத்தக் கணக்குப் போடுறது ஒண்ணு, அந்தக் கணக்கத் தனியா வேற ஒரு டிரான்ஸ்மிட்டர்ல வெளிய அனுப்புறது இன்னொண்ணு. நடுவுல அப்பப்ப காலர் சிக்னல் கிடைக்கலன்னு செய்தியில வந்துச்சுல்ல, அப்ப ஆனை எங்கயும் மாயமா போயிடல, அங்கிட்டுதான் இருந்துச்சு, சேதி வெளிய வரல. சூப்பர்வைசருக்கும் அதேதான் நடந்துச்சு. அவரு பொட்டிக்கு அவரு எங்க இருக்காருன்னு நல்லாத் தெரியும். நமக்குத்தான் தெரியல.

சொல்லப்போனா பொட்டிக்கே சில நேரம் தெரியாது. டிபன் தூக்குக்குள்ள, ஜீப் சீட்டுக்கு அடியில எல்லாம் போட்டு வச்சா அது எங்கிட்டு சாட்டிலைட்டக் கேக்கும்? போன்ல புள்ளி டக்குனு விழுதேன்னு கேப்பீங்க, போன் டவர் மூலமா நெட்டுல இருந்து சாட்டிலைட்டு விவரத்த முன்னாடியே வாங்கி வச்சுக்குது. நெட்டு இல்லாத பொட்டி எல்லாத்தையும் சாட்டிலைட்டுகிட்டயே கேட்டு வாங்கணும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி வெட்டவெளியில பத்து பதினஞ்சு நிமிசம் வச்சிருந்துட்டு கிளம்புங்க.

இப்ப அந்த டிக். வாட்ஸ்அப் நம்மளக் கெடுத்து வச்சிருக்கு. ரெண்டு டிக்னா போய்ச் சேந்துருச்சு, நீலம்னா படிச்சாச்சு. மெஷ்ல அப்படி இல்ல. குரூப்புக்குப் போடுற மெசேஜுக்கு டிக் விழுந்தா, பக்கத்துல ஏதோ ஒரு பொட்டி அதக் கேட்டுத் திருப்பிச் சொல்லுச்சு, அது உங்க பொட்டி காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான். எந்தப் பொட்டின்னு கேட்டீங்கன்னா, இங்கதான் நான் தலை குனியணும், போன வருசம் நானே மாட்டுன பொட்டிதான். அந்தப் பள்ளத்துல ஒரு பம்பு ஷெட் இருக்கு. மேட்டுல பழைய தண்ணி டேங்க் மேல வைப்போம், அங்க இருந்தா ரெண்டு பக்கமும் கேக்கும்னு அப்பவே சொன்னேன். பம்பு ஷெட்ல கரண்ட் இருக்கு, சோலார் எதுக்கு வெட்டிச் செலவுன்னாங்க, நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஆக பள்ளத்துல கிடந்த மனுசன் அனுப்புன சேதிய பள்ளத்துல இருந்த பொட்டி கேட்டு பள்ளத்துக்குள்ளயே திருப்பிச் சொல்லியிருக்கு. அங்க ஆள் யாரும் இல்ல. டிக் மட்டும் ஆறு. குறிப்பிட்ட ஒருத்தருக்கு நேரடியா அனுப்புனா அவரு பொட்டியே பதில் சொன்னாத்தான் கிடைச்சதா காட்டும், ஆபத்துன்னா அப்படியும் ஒண்ணு அனுப்புங்க. அவரு பொட்டி அணைஞ்சிருந்தா சாதாரணமா சேதி எங்கயும் காத்துக்கிட்டு கிடக்காது, போச்சுன்னா போச்சு.

மெஷ்ஷுன்னா வலை, வலைன்னா முடிச்சு வேணும். அஞ்சு பேர் அஞ்சு பொட்டியோட ஒரே எடத்துல தொலைஞ்சா அது மெஷ் இல்ல, அஞ்சு பேர் தொலைஞ்சிருக்காங்க. போன மாசம் வந்த பசங்க பொட்டி கூட இல்லாம புளூடூத்துல பேசுற ஆப்ப போன்ல போட்டுக்கிட்டு கொழுக்குமலைப் பக்கம் போறோம்னாங்க. தம்பி, புளூடூத்து உங்க வீட்டு மாடிக்கே ஒழுங்கா எட்டாது. அது கூட்டம் நிக்கிற எடத்துக்கு உள்ளது, திருவிழாவுக்கு வச்சுக்கங்க.

மூட்டத்துல சிக்னல் போயிருச்சுன்னு சொல்றவங்களுக்கு: இந்த அலைவரிசைக்கு மூட்டமும் மழையும் பெருசா ஒண்ணும் பண்ணாது. நனைஞ்ச இலை பண்ணும், மலை சுத்தமா மறைச்சுரும்.

செட்டிங்ஸ் பத்தி வேகமா சொல்லிட்டுப் போறேன். ஏரியா கேக்குறப்ப இந்தியான்னு போடுங்க, வீடியோவுல வெள்ளக்காரர் அமெரிக்கான்னு போட்டாருன்னு நீங்களும் போடாதீங்க. நமக்கு லைசென்ஸ் இல்லாம விட்டிருக்குறது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அவங்க ஊரு 915. அதுல இறங்குனா மொபைல் கம்பெனிக்காரங்க பேண்டுல போயி நிப்பீங்க. ஆன்டெனாவும் 915க்கு உள்ளது வருது, பாத்து வாங்குங்க. ஆன்டெனா மாட்டாம ஆன் பண்ணாதீங்க, சிப்பு கருகி என்கிட்ட வந்தா நான் என்ன பண்ண முடியும், குப்பையிலதான் போடுவேன். எல்லாப் பொட்டியையும் ரவுட்டர்னு, அதாவது மத்தவங்க சேதிய முந்திக்கிட்டுத் திருப்பிச் சொல்ற மாதிரி, மாத்தி வைக்காதீங்க. ஒரு சேதி பொட்டி விட்டுப் பொட்டி சாதாரணமா மூணு தாவல்தான் போகும், ஏழு வரைக்கும் ஏத்தலாம், ஏத்தணும்னு இல்ல. எடத்த முப்பது செகண்டுக்கு ஒருக்க அனுப்புற மாதிரி வச்சிருந்தாரு ஒருத்தரு, தோட்டத்துல இருபது பொட்டி. ஒரு நீள மெசேஜ் காத்துல போகவே ரெண்டு செகண்டு பிடிக்கிற மெதுவான ரேடியோ இது. இருபது பேரும் ஒரே நேரத்துல கத்துனா யாரு பேசுறது யாருக்குக் கேக்கும்? கால் மணிக்கு ஒருக்கன்னு பொட்டியிலயே வர்ற செட்டிங்கே போதும்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ஒரு விசயம், இத வேற யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஒரு மெசேஜுக்கு சுமார் 200 பைட்டுதான் எடம். இங்கிலீஷ் எழுத்து ஒரு பைட்டு. தமிழ்ல "க" மூணு பைட்டு, "கா" ஆறு. முப்பது நாப்பது எழுத்துலயே நின்னுரும். அதனால மரியாதை, விளக்கம் எல்லாம் வேணாம். "கால் பிசகு ஊத்துப் பள்ளம்" போதும், சேதி அதுல முடிஞ்சுருது.

அப்புறம், ஊருக்கே உங்க எடத்தக் காட்டாதீங்க. பொட்டியில வர்ற முதல் சேனலோட சாவி உலகத்துல எல்லாப் பொட்டியிலயும் ஒண்ணுதான், அது பூட்டே இல்ல. ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர் எங்க இருக்கு, ராத்திரி காவலுக்கு இருக்கவர் எத்தன மணிக்கு எங்கிட்டு நகர்றாருன்னு நீங்களே ஒலிபரப்புனா ஏலக்கா விக்கிற விலைக்குத் திருட வர்றவனுக்கு வேலை மிச்சம். தனி சேனல் போட்டு புதுச் சாவி வைங்க. பொதுச் சேனல்ல எடத்தத் தோராயமா மட்டும் காட்டுற வசதியும் இருக்கு. லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, இருக்க பொம்பளப் புள்ளைங்க கையில பொட்டி குடுக்குறவங்க இத ரெண்டு தடவ படிங்க.

அதுக்கு சாட்டிலைட் போனே வாங்கிட்டா என்னன்னு கேக்காதீங்க. அனுமதி இல்லாம வச்சிருந்தா கேஸு.

இவ்வளவு திட்டிட்டு ஏன் இத இன்னும் மாட்டிக் குடுக்குறேன்னா, 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடி. மலை சரிஞ்சு லயத்து மேல விழுந்துச்சு, 70 பேர், கயத்தாறு பக்கமிருந்து தலைமுறையா வந்து தேயிலையில உழைச்ச சனம் நிறைய. கரண்ட் இல்ல, டவர் இல்ல, வெளிய சேதி தெரியவே விடிஞ்சு போச்சு. மேட்டுல நாலு பொட்டி சோலார்ல ஓடிக்கிட்டு இருந்திருந்தா மண்ண நிறுத்தியிருக்காது, ஆனா ராத்திரியே யாருக்காவது கேட்டிருக்கும். அத நினைச்சுத்தான் ஏணியத் தூக்கிக்கிட்டு ஏறுறேன். அதனால கெஞ்சிக் கேக்குறேன், பொட்டி இருந்தாலும் தனியா போகாதீங்க, எந்தப் பக்கம் போறோம் எத்தன மணிக்குத் திரும்புவோம்னு ஸ்டோர் சுவத்துல சாக்பீஸ்ல எழுதிட்டுப் போங்க, கழுத்துல பத்து ரூவா விசில் ஒண்ணு. போன்ல சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் மொதல்ல 112, அப்புறம் பொட்டி. கால் அசைக்க முடிஞ்சா, தவழ்ந்தாவது பத்தடி மேட்டுக்கு வந்து அனுப்பிப் பாருங்க, பள்ளத்துல இருந்து போகாதது அங்க இருந்து போகலாம்.

அந்தத் தோட்டத்துக்காரங்க இப்ப டேங்க் மேல வைக்க ஒத்துக்கிட்டாங்க, சோலார் பேனலும் வந்துருச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை ஏறுறோம், ஏணி புடிக்க ரெண்டு ஆள் வேணும். வர்றவங்க வெள்ளனவே வாங்க, மத்தியானத்துக்கு மேல மூட்டம் இறங்கிரும். ரேடியோவுக்கு அது ஒண்ணும் பண்ணாது, மேல நிக்கிற எனக்குத்தான் கீழ யாரு ஏணியப் புடிச்சிருக்காங்கன்னு தெரியாது.