அரை வெள்ளைப் பணியாரம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாண வீடு. வீட்டின் இரண்டாம் கட்டுக் கூடத்தில் பந்தி. எதிர் வரிசையில் இருந்த ஆச்சி, ஒரு வெள்ளைப் பணியாரத்தில் பாதியை மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டுவிட்டு இலையை மூடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "வாயைக் கட்டியிருந்தால் வயிற்றை வெட்ட வேண்டியதில்லையே" என்று என் காதருகே ஒருவர் முணுமுணுத்தார். அந்தப் பேச்சில் அன்பும் இல்லை, அறிவியலும் இல்லை.

அந்த ஆச்சி வாயைக் கட்டிய ஆண்டுகள் எனக்குத் தெரியும். பத்துக் கிலோ குறையும். ஓராண்டில் பன்னிரண்டாகத் திரும்பும். சாப்பாட்டைக் குறைத்து இளைக்கும்போது உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. 'இருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் இறங்கிவிடுகிறது. இத்தனையையும் எதிர்த்து மனவுறுதி மட்டும் எத்தனை ஆண்டு தாங்கும்?

கொழுப்பை வெட்டி எடுப்பதுதான் இந்தச் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பை யாரும் தொடுவதில்லை. ஆச்சிக்குச் செய்தது 'ஸ்லீவ்' முறை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். கொள்ளளவு சுருங்குவது பாதிக் கதைதான். நீக்கப்படும் மேல்பகுதியில்தான் கிரெலின் மிகுதியாகச் சுரக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்த பிறகே, இந்த நோயாளிகளுக்குப் பசியே மட்டுப்படுவது ஏன் என்பது விளங்கத் தொடங்கியது.

இதே சிகிச்சையின் இன்னொரு வகையான 'பைபாஸ்' முறை இன்னும் வியப்பானது. இரைப்பையின் மேல்முனையில் ஒரு முட்டையளவுப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். உணவு குடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவாகப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைக் கொட்டுகின்றன. அது இன்சுலினைத் தூண்டும். மூளையிடம் 'போதும்' என்றும் சொல்லும். எடை குறைக்க என்று இன்று பேசப்படும் செமாகுளுடைட் ஊசி இதே ஹார்மோனின் சாயலில் செய்ததுதான். பைபாஸுக்குப் பின் இந்த ஹார்மோன் கூடுவதும் ஒரு காரணமாக, எடை இறங்கும் முன்பே, சில நாள்களிலேயே, பலருக்குச் சர்க்கரை அளவு இறங்குகிறது. பழைய அளவிலேயே நீரிழிவு மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். மருத்துவர் உடனே அளவை மாற்றுவார்.

யாருக்கு இது? 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், உடல் நிறை குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு 27.5லிருந்தே இந்தச் சிகிச்சையை முன்வைக்கச் சொல்கிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 70 கிலோ. மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் முந்திக்கொள்வதே காரணம். எண் மட்டும் போதாது. மற்ற நோய்களையும் மனநிலையையும் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

இது விலையில்லாத வரமும் அல்ல. தையல் கசிவு, இரத்தக்கட்டி, பித்தப்பைக் கல் ஆகிய ஆபத்துகள் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுதும் கவனிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் கந்தரப்பத்தை ஆசையாக இரண்டு தின்றால் போதும், இனிப்பு குடலுக்குள் பாய்ந்து வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் என்று படுத்திவிடும். கட்டுப்பாடு தளர்ந்தால் சில ஆண்டுகளில் எடை ஓரளவு திரும்பவும் செய்யலாம்.

நம் விருந்தோம்பல்தான் இவர்களுக்குப் பெரிய சோதனை. பலகாரம் வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடுகிறது. அன்று ஆச்சி பரிமாற வந்த பையனிடம், "தம்பி, முதலில் அந்தப் பருப்பில் ஒரு கரண்டி வை, சோறு பிறகு பார்க்கலாம்" என்று கேட்டு வாங்கியிருந்தார். புரதம் முதலில் என்பது அவருக்கு மருத்துவர் சொன்ன விதி. தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. பந்தி முடிந்து அரை மணி நேரம் கழித்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, சிறு சிறு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.