சின்டரிங்: சுடுவதா, உருக்குவதா?

உலோக முப்பரிமாண அச்சில் நெடுங்காலம் உழைத்த ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலை ஆண்டு வரிசையில் படித்துப் பாருங்கள். லேசரால் தூளை அடுக்கடுக்காக இணைக்கும் வேலை அப்படியே இருக்க, செய்முறையின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான்-பியர் க்ரூத்தின் பட்டியலில் 2003இல் 'செலக்டிவ் லேசர் சின்டரிங்' என்று இருக்கிறது. மறு ஆண்டு இரும்புத் தூள் பற்றிய கட்டுரையில் அது 'மெல்டிங்', அதாவது உருக்கல், ஆகிவிடுகிறது. 2010இல் அவர் குழு எழுதிய டைட்டானியக் கட்டுரையிலும் மெல்டிங்தான். இன்று எழுத வருபவர்கள் 'லேசர் பவுடர் பெட் ஃப்யூஷன்' என்கிறார்கள். சின்டரிங் ஏன் பின்வாங்கியது என்று கேட்டால்தான் அந்தச் சொல்லின் பொருள் துலங்கும்.

'சின்டர்' ஜெர்மன் சொல். இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது கழியும் கசடு என்பது அதன் பழைய பொருள். எரிந்த கரித்துண்டைக் குறிக்கும் 'cinder' என்ற ஆங்கிலச் சொல்லும் இதன் உடன்பிறப்புதான். சாம்பலைக் குறிக்கும் 'cendre' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சாயலில் அந்த ஆங்கிலச் சொல்லின் எழுத்து மட்டும் மாறியது. நம்மிடம் இதற்கு நேரான பெயர் உண்டு: இரும்புக் கிட்டம். சித்த மருத்துவர்கள் மண்டூரம் என்பார்கள். ஆகவே 'கிட்டங்கட்டல்' என்று மொழிபெயர்க்கலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வேர்ச்சொல்லுக்குப் பொருந்துகிறது, வேலைக்குப் பொருந்தவில்லை.

வேலை இதுதான். தூளை அழுத்தி உருக்கொடுத்து, உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்குகிறார்கள். மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களுக்கு அணுக்கள் நகர்ந்து, இரண்டுக்கும் நடுவே கழுத்துப்போல ஒரு பாலம் வளர்கிறது. இடைவெளி சுருங்குகிறது, பொருளும் சுருங்கி இறுகுகிறது. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால், பல்பு இழைக்கான உலோகத்தை இப்படித்தான் செய்தார்கள். குயவரின் சூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. பானையைச் சுடுகிறோம், செங்கல்லைச் சுடுகிறோம். உருக்குகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. உருகி வந்ததற்குத் தமிழ் வேறு பெயர் வைத்திருக்கிறது. எஃகுக்கு 'உருக்கு' என்ற பெயர் வந்ததே அப்படித்தான்.

பிறகு லேசர் அச்சில் இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? 1980களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் பிளாஸ்டிக் தூளோடு தொடங்கிய முறைக்கு சின்டரிங் என்று பெயரிட்டார்கள். ஜெர்மனியின் இஓஎஸ் நிறுவனம் 1990களில் உலோகத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டது. அப்போதைய தூள் வெண்கலமும் நிக்கலும் கலந்தது. எளிதில் உருகும் பகுதி மட்டும் உருகி மற்றதைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை பெயரில் பாதி நியாயம் இருந்தது. பின்னர் வலுவான லேசர்கள் வந்தன. தூள் முழுக்க உருகியது. 2005இல் க்ரூத்தும் உடனாய்வாளர்களும் துகள்கள் பிணையும் விதங்களை நான்காகப் பிரித்தபோது, திண்மநிலையில் சுடுவது ஒரு வகையாகவும் முழு உருகல் வேறு வகையாகவும் நின்றன. இத்துறைச் சொற்களை வரையறுக்கும் ஐஎஸ்ஓ-ஏஎஸ்டிஎம் 52900 தரநிலையும் 'லேசர் சின்டரிங்' பொருந்தாப் பெயர் என்று குறிக்கிறது.

இது வெறும் சொற்சண்டை இல்லை. விமானப் பாகங்களுக்கான டைட்டானியக் கலவை சுமார் 1,650 டிகிரியில் உருகி, கண்ணிமைக்கும் முன் உறைகிறது. அதனால் உள்ளே மார்டென்சைட் எனப்படும் ஊசி ஊசியான படிக அமைப்பு உருவாகிறது. உள்ளே இழுவிசை (உள்தகைவு) தேங்கிப் பாகம் வளையவும் கூடும். குறைகளின் பிறப்பும் வேறு. சுட்டதில் இருக்கும் துளை, மணிகளுக்கிடையே மூடாமல் விட்ட இடம். உருகியதில் இருக்கும் துளை பல நேரங்களில் குழம்பில் அகப்பட்ட வாயு. பெயரைத் தவறாகப் படித்த மாணவர் குறையைத் தவறான இடத்தில் தேடுவார்.

என் பரிந்துரை: சின்டரிங்குக்குச் 'சுட்டிறுக்கல்', லேசர் பவுடர் பெட் ஃப்யூஷனுக்கு 'லேசர் தூள்படுகை உருக்கிணைப்பு'. இரண்டாவது நீளம்தான், ஆனாலும் நடப்பதைச் சொல்கிறது. பழைய கட்டுரையில் 'டைரக்ட் மெட்டல் லேசர் சின்டரிங்' என்று கண்டால், எந்தத் தூள், எவ்வளவு உருகியது என்று பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பது நல்லது.

சுட்டிறுக்கலுக்கு உலோக அச்சிலேயே உரிய இடம் இருக்கிறது. பைண்டர் ஜெட்டிங்கில் தூளைப் பசையால் ஒட்டி வடிவம் செய்து, பிறகு உலையில் வைக்கிறார்கள். நீள அகலம் ஏறக்குறைய 15 முதல் 20 விழுக்காடு சுருங்கி வெளியே வருகிறது. அங்கே தயங்காமல் சுட்டது என்று எழுதலாம்.