சியட்-சீ: தாய்லாந்தின் உரசல் பேச்சுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாங்காக்கில் குடியேறிய மேற்கத்தியர்கள் கூடிப் பேசினால் ஒரு குறை எப்படியும் வந்துவிடும். "இந்த ஊர்க்காரர்கள் நன்றாகச் சிரிக்கிறார்கள். ஆனால் குத்தலாக ஏதாவது சொன்னால் மட்டும் புரிவதில்லை." இதற்குச் சாட்சியாகத் தொலைக்காட்சியைக் காட்டுவார்கள். முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர் அப்பிய ஆள், பெண் வேடம் கட்டிய தடியன், தகரத் தட்டால் தலையில் 'டங்' என்று ஓர் அடி, ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னாலிருந்து 'பொய்ங்' என்று ஒரு சத்தம். இதுதான் தாய்லாந்து நகைச்சுவை, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

உள்ளூர்க்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொள்வார். குத்தல் தெரியாதவர்கள் யார் என்பதில் அவருக்கு வேறு கருத்து இருக்கும்.

இரு தரப்புக்கும் நடுவில் கிடக்கும் சொல் 'சியட்-சீ'. ஆங்கிலத்தின் 'சட்டையர்' என்ற சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் ஈடாக நிற்பது இதுதான். (தாய் மொழி என்று எழுதினால் நம் தாய்மொழியோ என்று தோன்றும். ஆகவே நீட்டி முழக்கியே எழுதுகிறேன்.) 'சியட்' என்பதைத் தாழ்ந்த தொனியிலும் 'சீ' என்பதை ஏறும் தொனியிலும் சொல்ல வேண்டும். தொனி மாறினால் பொருளும் மாறிவிடும். தொனி மாறாமலேயே கூட, வெறும் 'சீ' என்பதற்கு நிறம் என்றும் ஒரு பொருள் உண்டு.

இரண்டு அசைகளும் தனித்தனிச் சொற்கள்தான். 'சியட்' என்றால் இடுக்கில் நுழைந்து உராய்வது. நெரிசலான பஸ்ஸில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பதை 'பியட்-சியட்' என்பார்கள். வயிற்றில் சுருக்கென்று பிடித்து இழுக்கும் வலிக்கு 'சுக்-சியட்' என்று பெயர். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் உராய்வு விசைக்கு வைத்திருக்கும் பெயரிலும் இதே 'சியட்' இருக்கிறது. இரண்டாவதான 'சீ', தேய்ப்பது. 'ரோங்-சீ' என்றால் நெல் அரைக்கும் ஆலை. வில்லைத் தந்தியில் தேய்த்து 'சோ' என்ற வாத்தியத்தை வாசிப்பதும் 'சீ'தான். எருமைக்கு சோ வாசித்த கதை என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. நம் செவிடன் காதில் ஊதிய சங்குதான் அது.

ஆகச் சொல்லின் நேர்ப்பொருள் உராய்ந்து தேய்த்தல். அடிப்பதோ வெட்டுவதோ இல்லை. பக்கத்தில் போகிறவன் தோளை இலேசாக உரசிவிட்டு, திரும்பிப் பார்த்தால் 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்ற முகத்துடன் நடப்பது போன்ற ஒரு காரியம். தாய்லாந்தின் அரசு அகராதி இதற்கு மறைமுகமாகத் தாக்கிப் பேசுவது, இடித்துச் சொல்வது என்று பொருள் தந்துவிட்டு, பொறாமை போன்ற காரணங்களால் அப்படிப் பேசுவது என்று ஒரு வாலும் சேர்க்கிறது. அந்த வாலைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் ஒருவரை 'அங்கதம் எழுதுகிறவர்' என்றால் அது பாராட்டு. அங்கே 'அவன் சியட்-சீ பேசுகிறான்' என்றால் பாதி புகார். இலக்கியக் கட்டுரையில் வரும்போதுதான் சொல் கொஞ்சம் மரியாதையான சட்டை போட்டுக்கொள்கிறது.

சியட்-சீயைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே இருக்கிறது. 'தலோக்' என்றால் வேடிக்கை, வேடிக்கைக்காரனும் அதுவே. கம்போடியாவின் கெமர் மொழியிலும் இதே சொல் கோமாளியைக் குறிக்கிறது. 'லோ-லியன்' என்பதில் 'லோ' சீண்டல், 'லியன்' ஒருவரைப் போலச் செய்தல், ஆகப் போலிசெய்து கேலி பண்ணுவது. 'ப்ரசொட்' என்றால் மனத்தில் இருப்பதற்கு நேர்மாறாகச் சொல்லிக் காட்டுவது. அப்புறம் 555. தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர். மூன்று ஐந்து போட்டால் ஹாஹாஹா. விசைப்பலகையை மொழி மாற்ற மறந்து 5-ஐத் தட்டினால் 'தொ' என்ற எழுத்து விழும். அப்படித் தவறி விழுந்த மூன்று எழுத்துகளையே இப்போது வேண்டுமென்றே போடுகிறார்கள், சற்று நக்கலான சிரிப்புக்கு.

சரி, வெளிநாட்டுக்காரர் காதில் சியட்-சீ ஏன் விழுவதில்லை? ஒரு சின்னக் காட்சி போதும். ஒன்பது மணி அலுவலகத்துக்குப் பத்தரைக்கு ஒருவர் நுழைகிறார். பக்கத்து மேசைப் பெண் தலை நிமிர்ந்து, முகம் நிறையப் புன்னகையுடன், "அட, இன்னிக்கு ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே" என்கிறார். வாக்கியத்தின் கடைசியில் மென்மையான 'நக்கா', பெண்கள் மரியாதைக்குச் சேர்க்கும் விகுதி. உள்ளூர்க்காரருக்குக் காது சூடாகிவிடும். வெளிநாட்டுக்காரர் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்து, பாவம் இவளுக்கு மணி தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆங்கிலக் குத்தலில் குரல் தட்டையாகும், முகம் இறுகும். இங்கே அப்படி எந்த அடையாளமும் இல்லை. மரியாதை கூடக் கூடத்தான் குத்தலும் கூடுகிறது. நெருங்கிய தோழி ஒருத்தி திடீரென்று உங்களை 'குன்' என்று முழு மரியாதையோடு அழைத்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். 'சா, மே கோன் கெங்' என்றால் சொல்லுக்குச் சொல் 'ஆமாம், கெட்டிக்காரத் தாயே'. நாம் 'ஆமாம்மா, நீதான் பெரிய கெட்டிக்காரி' என்று இழுப்போமே, அதே இழுவை. இந்த இழுவை காதில் ஏறுவதற்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டையையாவது கேட்டிருக்க வேண்டும்.

மறைமுகப் பேச்சுக்கு அவர்களிடம் உள்ள மரபுத்தொடர், மாட்டை அடித்துப் பரம்பைத் தட்டுவது. அடி மாட்டுக்கு, அதிர்வு பின்னால் கட்டிய பரம்புக்கு. மகளைத் திட்டுவது போல மருமகளைத் திட்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

தட்டடி நகைச்சுவையைக் கீழாகப் பார்ப்பதும் சரியில்லை என்பது என் எண்ணம். 1980களிலும் 90களிலும் பாங்காக்கில் 'தலோக் கஃபே' என்ற இரவு விடுதிகள் கொடிகட்டிப் பறந்தன. சாப்பாடு, பாட்டு, நடுவே நகைச்சுவைக் குழுக்கள். அங்கிருந்து வந்தவர்தான் மும் ஜொக்மொக் என்ற பெயரில் நாடறிந்த பெட்ச்தாய் வொங்கம்லாவ். வடகிழக்கில் இசான் பகுதியிலுள்ள யசோதொன் மாகாணத்துக்காரர். இசான் ஏழை விவசாயப் பகுதி, அங்கே பேசுவது லாவோ சாயல் மொழி. தலைநகரில் வேலைக்காரர், டாக்சி ஓட்டுநர் என்றாலே இசான்காரர்தான் என்று ஒரு நினைப்பு உண்டு. அந்த உச்சரிப்பைக் கேட்டு நகரத்தார் சிரிப்பார்கள். மேடையேறிய இசான்காரர் அதே உச்சரிப்பில் நகரத்தாரைப் பார்த்துச் சிரிப்பார். தட்டடிக்கு முன்னால் வந்த வசனத்தில்தான் சரக்கு இருக்கிறது. மொழி தெரியாதவருக்குத் தட்டின் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது.

இதற்கு வேர் இன்னும் ஆழம். தெற்கே பத்தலுங் பக்கம் 'நங் தலுங்' என்ற நிழற்பாவைக் கூத்து இருக்கிறது. முதலில் ரிஷி வருவார், பிறகு எருதின்மேல் சிவபெருமான், அப்புறம் ராஜா ராணி. மேன்மக்கள் எல்லாரும் பாங்காக் பேச்சில் பேச, தெங், நூ நுய் என்ற கோமாளிகள் மட்டும் வெற்றுடம்பும் கைலியுமாகத் தெற்கத்திக் கொச்சையில் வெளுத்துக் கட்டுவார்கள். விலைவாசி, ஊர்த் தலைவர், போலீஸ், தேர்தல், எதையும் விடமாட்டார்கள். கேட்டால் பேசியது மாட்டுத்தோல் பொம்மை. நம் தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் இதே சலுகை உண்டு.

நாட்டுப்புறக் கதையில் வருபவர் ஸ்ரீ தனொன்சாய். பெயரைப் பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த தனஞ்செயன்தான். அர்ச்சுனனின் பெயர் எப்படியோ ஓர் அரண்மனைக் குறும்பனுக்குப் போய்விட்டது. தெனாலிராமன் என்று அறிமுகப்படுத்தினால் பாதிதான் சரி. தெனாலிராமன் கதையில் நியாயம் அவன் பக்கம் இருக்கும். தனொன்சாய் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறவன், சில சமயம் கொடூரமாக. தம்பியை உள்ளும் புறமும் சுத்தமாகக் குளிப்பாட்டு என்று அம்மா சொல்ல, வயிற்றைக் கிழித்துக் குடலைக் கழுவியவன் அவன். ஒருமுறை ராஜா, "என்னை ஏமாற்றி இந்தக் குளத்தில் இறக்கிவிடு பார்ப்போம்" என்கிறார். "அது என்னால் முடியாது, ஆனால் குளத்தில் இருப்பவரைக் கரையேற வைப்பேன்" என்கிறான். ராஜா அதையும் பார்த்துவிடலாம் என்று தண்ணீரில் இறங்கி நிற்கிறார். கதை முடிந்தது. பாங்காக்கின் பெரிய வணிக வளாகங்களுக்கு நடுவே நிற்கும் பதும் வனாராம் கோயிலின் சுவரில் இவன் கதை ஓவியமாக இருக்கிறது. இன்றைக்கும் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நழுவும் அரசியல்வாதிக்கு 'ஸ்ரீ தனொன்சாய்' என்றே பெயர்.

அரசியலுக்கு வந்தால் உரசலின் அவசியம் புரியும். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு அரசர், அரசி, பட்டத்து வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகியோரை இழிவுபடுத்துவதற்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது. நேரே சொல்ல வழியில்லாத இடத்தில் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் அரசியல் கேலி பெரும்பாலும் சாப்பாட்டுப் பெயரிலும் விலங்குப் பெயரிலும் வருகிறது. 'சலிம்' என்பது தேங்காய்ப் பாலில் மிதக்கும் பல நிறச் சேமியா போன்ற இனிப்பு. 2010இல், முன்னாள் பிரதமர் தக்சினை ஆதரித்த சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு எதிராகப் 'பல நிறச் சட்டை' என்றொரு கூட்டம் கிளம்பியது. அதற்குப் பிறகு பழமைவாதி என்றால் சலிம் என்றாகிவிட்டது. தேங்காய்ச் சிரட்டைக்குள் கிடக்கும் தவளை என்று அவர்களிடம் ஒரு பழமொழி, நம் கிணற்றுத் தவளை. சிரட்டைக்கு 'கலா' என்று பெயர். அதோடு ஆங்கில 'லேண்ட்' சேர்த்துக் 'கலாலேண்ட்' என்று சொந்த நாட்டையே அழைக்கிறார்கள் இளைஞர்கள்.

2020 ஜூலை 26 அன்று பாங்காக் ஜனநாயக நினைவுச் சின்னத்தைச் சுற்றி, அரசாங்கத்தை எதிர்த்து மாணவர்கள் ஓடினார்கள். வாயில் ஜப்பானியக் கார்ட்டூன் எலியான ஹம்தாரோவின் பாட்டு. அந்த எலிக்கு மிகப் பிடித்தது சூரியகாந்தி விதை. மாணவர்கள் அந்த இடத்தில் மட்டும் 'மக்களின் வரிப்பணம்' என்று மாற்றிப் பாடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று நாடாளுமன்றத்துக்கு வெளியே, நீச்சல் குளத்தில் மிதக்கவிடும் மஞ்சள் நிறக் காற்றடைத்த வாத்துப் பொம்மைகளைக் கேடயமாகப் பிடித்துத் தண்ணீர்ப் பீரங்கியை எதிர்கொண்டார்கள். வாத்து ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. ஆனால் உரசலும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. வாத்துப் படம் போட்ட நாட்காட்டியை விற்ற ஓர் இளைஞருக்கு, அது அரசரைக் கேலி செய்கிறது என்று 2023 மார்ச்சில் நீதிமன்றம் 112இன் கீழ் 3 ஆண்டு விதித்து, பின் அதை 2 ஆண்டாகக் குறைத்தது. தாய்லாந்துக்காரர்களுக்கு அங்கதம் தெரியாது என்று சொல்லும் விருந்தினர்கள் அந்த நாட்காட்டி வழக்கையாவது படிக்கலாம். அரசுத் தரப்புக்கு அங்கதம் நன்றாகவே புரிந்திருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். சியட்-சீயைக் 'கிண்டல்' என்றோ 'கேலி' என்றோ பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அவை முகத்துக்கு நேரே செய்பவை, நட்பிலும் செய்பவை. அவற்றுக்கு இணை லோ-லியன். 'நையாண்டி' கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் அதில் மேளச் சத்தம் அதிகம். 'எள்ளல்' நல்ல சொல். தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு இடங்களில் அதைத்தான் முதலில் வைக்கிறது. ஆனால் எள்ளுகிறவர் மேலே நின்று எள்ளுகிறார். சியட்-சீ கீழே நிற்பவரின் ஆயுதம்.

சரியான சொல்லும் தொல்காப்பியத்திலேயே கிடைக்கிறது. செய்யுளியலில் தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம். முதலாவது வெளிப்படையான வசை. இரண்டாவது பழியை மறைத்துச் சொல்வது. நமக்குத் தெரிந்த உதாரணம் புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்கும்போது புகழ்ச்சி. பத்தரைக்கு வந்தவரைப் பார்த்து 'சீக்கிரம் வந்துட்டீங்களே' என்றது இந்த வகைதான்.

ஆக, இலக்கிய வகையாகப் பேசும்போது சியட்-சீக்கு நிகர் 'பழிகரப்பு அங்கதம்'. சுருக்கமாக 'அங்கதம்' போதும், ஆனால் வெளிப்படையான வசையை அதற்குள் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றாடப் பேச்சில் வந்தால் 'சாடை பேசுதல்' என்று போடுவதே பொருத்தம். 'அவள் என்னைச் சியட்-சீ செய்தாள்' என்பதை 'அவள் என்னைச் சாடையாகக் குத்தினாள்' என்று எழுதினால், அகராதி சேர்த்த அந்தப் புகார் வாடையும் கூடவே வந்துவிடுகிறது. ப்ரசொட்டுக்கு 'வஞ்சப் புகழ்ச்சி' முழுக்கப் பொருந்தாது, வீம்புக்குச் செய்து காட்டுவதையும் அது உள்ளடக்கும். 'குத்திக்காட்டுதல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல் மட்டும் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றும். 'கோன் டீ', நேர்ப்பொருள் நல்ல மனிதர். 2013-14இல் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக் காலத்தில் போராடிய தரப்பு தங்களை நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்ள, மறுதரப்பு அந்தச் சொல்லை எடுத்து அப்படியே திருப்பி உரச ஆரம்பித்தது. தாய்லாந்து அரசியல் செய்தியில் ஒருவரை 'கோன் டீ' என்று எழுதியிருந்தால் முன்பின் வரிகளைப் படித்துவிட்டு, பெரும்பாலும் 'உத்தமர்' என்று போடுங்கள்.