பம்பிங் 60 என்றால் மீதி 40 எங்கே?

ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ சோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் தேடுவது எல்.வி.ஈ.எஃப்., அதாவது இதயத்தின் பம்பிங் அளவு, என்ற வரியைத்தான். அதில் 60% என்று இருந்தால் போதும், “அப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் 60 தானாம்” என்று சொந்தபந்தம் முழுக்க போன் பறக்கும். 60 என்பது நல்ல இதயத்தின் எண். ஒலிம்பிக் ஓட்டக்காரருக்கும் 100 வராது.

நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடது கீழறைக்கு வந்து நிரம்புகிறது. முழுதாக நிரம்பும்போது சுமார் 120 மில்லி இருக்கும். அறை சுருங்கி, அதில் 70 மில்லியை, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனிக்குள் தள்ளுகிறது. 50 மில்லி உள்ளேயே தங்கிவிடும். 70-ஐ 120-ஆல் வகுத்தால் 58%. பம்பிங் என்று நாம் சொல்வது இந்த விகிதத்தைத்தான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 5 லிட்டர் ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது. தங்கிவிட்ட 50 மில்லி வீணும் இல்லை. மாடிப்படி ஏறும்போது இதயம் இன்னும் அழுத்திச் சுருங்கி, அந்தக் கையிருப்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு விந்தை உண்டு. இதயத் தசை இழை ஒன்று தன் நீளத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் சுருங்கும். அப்படியிருக்க 60 சதவீத ரத்தம் எப்படி வெளியேறுகிறது? இழைகள் நேராக ஓடவில்லை. உள்ளடுக்கு ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியிருக்கிறது, வெளியடுக்கு எதிர்ப்பக்கம். சுருங்கும்போது நுனி ஒரு திசையிலும் மேற்பகுதி மறுதிசையிலும் திருகும். சுவரும் தடித்து உள்ளே நெருக்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோலத்தான் இதயம் ரத்தத்தைப் பிழிகிறது.

இனி கொஞ்சம் கணக்கு. மாரடைப்புக்குப் பிறகு ஒருவருடைய இதயம் வீங்கி, அறை 200 மில்லி கொள்ளும் அளவுக்கு விரிந்துவிட்டது, பம்பிங் 35%. அப்போதும் ஒரு துடிப்புக்கு 70 மில்லி வெளியே போகிறது! உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அவருக்கு எதுவுமே தெரியாமல் இருப்பது இதனால்தான். ஆனால் விரிந்த அறையின் சுவர் அதிக இழுவிசையைத் தாங்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். இப்படியே விட்டால் அறை மேலும் விரியும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பல வருட ரத்த அழுத்தத்தால் சுவர் தடித்து, அறை சின்னதாகிவிட்டது. 80 மில்லிதான் நிரம்புகிறது. அதில் 48 மில்லி வெளியேறினால் ரிப்போர்ட்டில் அழகாக 60% என்று வரும், ஆனால் உடம்புக்குப் போவது குறைவு. “பம்பிங் நார்மல்தானே, அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?” என்பதற்கான விடைகளில் இது ஒன்று. இதயம் நன்றாகச் சுருங்குகிறது, விரிந்துகொடுக்கத்தான் மறுக்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வு பலமாக ஒழுகினாலும் எண் ஏமாற்றும். பின்பக்கம் திரும்பிப் போகும் ரத்தமும் ‘வெளியேறியது’ என்றே கணக்கில் சேர்கிறது.

சரி, எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கெ எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்துக்குள் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியை இதயத்தின் பக்கம் திருப்பினார்கள். எக்கோ பிறந்தது அப்படித்தான். இன்று இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஜெல் தடவி, இரண்டு கோணங்களில் படம் பிடித்து, அறையின் உள்விளிம்பைத் திரையில் கோடு போட்டுக் காட்டுவார்கள். கொள்ளளவைக் கணினி கணக்கிடும். பல நேரங்களில் அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்தே மதிப்பிடுவதும் உண்டு. கோடு கொஞ்சம் தள்ளிப்போனால் எண்ணும் மாறும். ஆகவே போன தடவை 60, இந்தத் தடவை 55 என்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். 55 இருந்தது 40 ஆனால் அது வேறு கதை.

பொதுவாக 50-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 41 முதல் 49 வரை லேசான குறைவு. 40-உம் அதற்குக் கீழும் சிகிச்சை அவசியம். ‘ரீஜனல் வால் மோஷன் அப்நார்மாலிட்டி’ என்றால் சுவரின் ஒரு பகுதி மட்டும் சரியாக அசையவில்லை என்று பொருள், பெரும்பாலும் அந்தப் பகுதிக்கான ரத்தக்குழாயில்தான் சிக்கல். ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’, அதாவது இதயம் தளர்ந்து விரிவதில் லேசான குறை, அறுபது வயதைத் தாண்டிய பலருக்கும் வரும் வரி. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இன்னொன்று: எக்கோ நன்றாக இருப்பதால் ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஓய்வில் எடுக்கும் எக்கோவுக்கு அடைப்பு நேரடியாகத் தெரியாது.

குறைந்த பம்பிங் ஏறவும் செய்யும். மாரடைப்பில் மரத்துப்போன தசை சில வாரங்களில் விழித்துக்கொள்வதுண்டு. மாத்திரைகளாலும் 30 இருந்தது 50-ஐத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்துகிறார்கள். இதய வீக்க நோயிலிருந்து தேறி, பம்பிங் இயல்புக்குத் திரும்பியவர்களிடம் லண்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவர் மேற்பார்வையிலேயே படிப்படியாக மருந்தை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை.